பென்னலூர் ஜெயிக்க நான் பார்த்த ஓவர்டைம்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப்போக நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது எனக்குக் கொஞ்சம் மரியாதை. நான் மைதானத்துப் பக்கம் வராமல் இருப்பதால்தான் எங்கள் ஊர்க் கால்பந்து டீம் தோற்காமல் இருக்கிறது என்று ஒரு காலத்தில் மனதார நம்பினேன். நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதற்காக வேலைக்கு வேறு போனேன்.

இது ஏன் இப்போது ஞாபகம் வந்தது என்றால், போன வாரம் ஒரு சாயங்காலம் என் மகள் டிவியில் ஏதோ வெளிநாட்டு டீமின் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த டீம் வெகுநாளாகத் தோற்கவே இல்லையாம். அதனாலேயே அவள் முகம் பரீட்சை ரிசல்ட் பார்க்கப் போகிறவள் முகம்போல் இருந்தது. நான் சுண்டல் கிண்ணத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த மறுகணம் எதிர் டீம் கோல் போட்டது. அவள் டிவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"அப்பா, கொஞ்ச நேரம் பால்கனில போய் நில்லுங்களேன்."

இதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ரத்தத்திலேயே வந்திருக்கிறது போலும். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். இந்த விஷயத்தில் எனக்கு முன் அனுபவம் உண்டு.

கீழே, இப்போது நாங்கள் குடியிருக்கிற குன்றத்தூர்த் தெருவில் ஒருவர் பைக் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அந்த வாசனை மேலே வந்தது. மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக்குழம்பு வாசனை. எனக்கு மெஷின் எண்ணெய்.

தொண்ணூற்றொன்றில் எங்கள் பக்கம் இப்போது நீங்கள் பார்க்கிற மாதிரி இல்லை. இருங்காட்டுக்கோட்டை என்றால் அன்றைக்கு யாருக்கும் கார் ஃபேக்டரி ஞாபகம் வராது. ஸ்ரீபெரும்புதூர் ரோட்டோரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னக் கம்பெனிகள். நடுவில் வயலும் ஏரியும். அப்படி ஒரு கம்பெனியில், போல்ட்டுக்கு மரை போடும் மெஷினில் நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஊர் பென்னலூர். எங்கள் டீமுக்கு மைதானம் எது என்று கேட்டால், ஏரிதான். தண்ணீர் வற்றியதும் உள்ளே இறங்கி, சவுக்குக் கம்பு நட்டு, ரைஸ்மில் சாம்பலில் கோடு போட்டால் மைதானம். ஐப்பசி மழை வந்து ஏரி நிறைந்தால் சீசன் முடிந்தது. எங்கள் போட்டி அட்டவணையைப் போட்டுக்கொடுத்தது வானம்தான்.

டீமுக்குக் கோல்கீப்பர் தேவசகாயம். எங்களுக்குச் சகாயண்ணன். செங்கல் சூளையில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். செங்கல்லைக் கீழிருந்து வீசினால் மேலே நின்று இரண்டு கையாலும் வாங்கி அடுக்குகிற வேலை. பந்து அவருக்குச் செங்கல்லைவிட லேசு. கையுறை மட்டும் நான் கொடுத்தது: கம்பெனியில் கழித்துப்போட்ட தோல் கையுறை. பந்து அதில் விழுந்தால் 'தப்' என்று ஒரு சத்தம் வரும் என்று கேள்வி. கேள்விதான். நான் கேட்டதில்லை. காரணம் சொல்கிறேன்.

அதுவரை எங்கள் டீம் தோற்பதையே பழக்கமாக வைத்திருந்தது. தோற்போம், கரையேறுவோம், போண்டா தின்போம், சிரிப்போம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஞாயிறு எனக்கு ஓவர்டைம் விழுந்தது. அன்றைக்கு டீம் ஜெயித்துவிட்டது. அடுத்த ஞாயிறு லீவு, ஆசையாகப் போனேன். போய் நின்றதும் கோல் வாங்கினோம். துக்கம் தாங்காமல் வேர்க்கடலை வாங்கப் போனேன். நான் அந்தப் பக்கம் போனதும் நாங்கள் கோல் போட்டோம். ஆட்டம் டிரா.

இதை வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எத்திராஜு கவனித்துவிட்டார். அவர் சைக்கிள் கடைக்காரர். எங்கள் ரசிகர் கூட்டத்துக்குத் தானே தலைவராகிக்கொண்டவர். ஆட்டம் முடிந்ததும் என் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போனார்.

"தம்பி, நீ வந்தா கோல் வாங்குறோம், போனா கோல் போடுறோம். இன்னா பொறப்புடா உனுது?"

"அண்ணே, அது தற்செயலா..."

"தற்செயலோ பொற்செயலோ. நாயித்துக்கெயம ஓ.டி. போட்டுக்கோ. டீமுக்காகச் செய்டா."

செய்தேன். டீம் தோற்கவே இல்லை.

நான் மட்டும்தான் பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் வெற்றியன்று பந்துக்குக் காற்றடித்துவிட்டு வந்த எத்திராஜு, அதற்கப்புறம் ஆட்டம் முடியும்வரை காற்றடிக்கும் பம்ப்பைக் கையைவிட்டு இறக்குவதில்லை. பனங்கட்டையில் உட்கார்ந்து பார்த்த ஒருத்தர் மூத்திரம் முட்டினாலும் எழுந்திருக்கக் கூடாது. இதில் சாமி பாகுபாடு கிடையாது. பெருமாள் கோயிலுக்குப் போகிறவர் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார். ஞானஸ்நானம் வாங்கியவர் எலுமிச்சம்பழம் மடியில் கட்டிக்கொண்டார். எல்லோரும் அவரவர் காரியத்தை மைதானத்திலேயே செய்ய, என் காரியம் மட்டும் மரை மெஷினில்.

கம்பெனியில் சூப்பர்வைசருக்கு ஒன்றும் புரியவில்லை. ஞாயிறு ஓவர்டைமுக்கு ஆள் பிடிக்க அவர் படாத பாடு படுவார். நானோ சனிக்கிழமையே போய் நிற்பேன்.

"இவன மாதிரி பத்துப் பேரு இருந்தா இந்த லைன் எங்கயோ போயிடும்" என்பார்.

என்னை மாதிரி பத்துப் பேர் இருந்தால் டீம்தான் எங்கேயோ போயிருக்கும். அவரிடம் அதைச் சொல்லவில்லை. சாயங்காலம் கேட் வாசலில் எத்திராஜுவின் சைக்கிள் பெல்லுக்காகக் காத்திருப்பேன். இரண்டு தரம் அடித்தால் வெற்றி, ஒரு தரம் என்றால் டிரா. தோல்விக்கு எத்தனை என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. பேசினால் வந்துவிடும்.

ஆனால் ஒரு விஷயம். ஜெயிக்க ஜெயிக்க யாருக்கும் சந்தோஷம் இல்லை. முன்பெல்லாம் தோற்றுவிட்டுச் சிரித்தவர்கள், இப்போது ஜெயித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்கள். போண்டாக்காரர் புலம்பினார். வாரம் முழுக்க ஊரில் ஒரே பேச்சு, சகாயண்ணன் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதுதான். யாராவது ஒருத்தர் அவர் வீட்டு வாசலில் நின்று காலைப் பார்த்துவிட்டுப் போவார். எல்லாப் பாரமும் கடைசியில் அவர் தலையில்தான் விழுந்தது. பத்துப் பேர் தவறவிட்டதைப் பிடிக்க வேண்டியவர் அவர்தானே. வெள்ளிக்கிழமையிலிருந்தே அவருக்குச் சோறு இறங்காது என்று சொன்னார்கள். நாங்கள் அதையும் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டோம். பட்டினி கிடந்தால் ஜெயிக்கிறார் என்றால் கிடக்கட்டுமே.

சீசனின் கடைசி ஆட்டம் ஆயுத பூஜையன்று விழுந்தது, குன்றத்தூர் டீமோடு. அதுவும் வலுவான டீம். ஆட்டத்துக்கு முன்பு மழை வந்துவிட்டால் ஏரி நிறையும், ஆட்டம் நடக்காது, தோற்காத டீமாகவே வருஷத்தை முடித்துவிடலாம். ஊரில் நாத்து விட்டவர்கள்கூட அந்த வாரம் எங்கள் அளவுக்கு வானத்தைப் பார்க்கவில்லை. மேகம் வந்தது, கூடியது, பூந்தமல்லிப் பக்கம் போய்விட்டது.

என் பாடு அதைவிட மோசம். ஆயுத பூஜையன்று மெஷினைத் தொடக்கூடாது. காலையில் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து, சிறந்த தொழிலாளி என்று என் பெயரைக் கூப்பிட்டுப் புத்தம்புது எவர்சில்வர் டிபன் கேரியர் ஒன்றைக் கையில் கொடுத்து, மத்தியானத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கேரியர் மூடியில் 'சிறந்த தொழிலாளி' என்று போட்டு என் பெயரைப் பொறித்திருந்தார்கள். வெளியே எத்திராஜு பம்ப்போடு நின்றிருந்தார்.

"பஸ்ஸ புடிச்சு குன்றத்தூர் மலைக்குப் போயிடு. இருட்டுனப்புறம் எறங்கு."

"அண்ணே, அவங்க ஊரு சாமிகிட்ட போயி நம்ம டீமுக்கு எப்படிக் கேக்கறது?"

"கேக்காத. சும்மா நில்லு."

பஸ் ஸ்டாப்பில் என்னை நிறுத்திவிட்டு அவர் ஏரிக்கு ஓடினார். பஸ் வரவில்லை. பிலோமினா அக்கா வந்தார். சகாயண்ணன் சம்சாரம். பூவும் வாழைப்பழமும் விற்கிற ரோட்டுக் கும்பலை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம்.

"எங்கடா போற, கேரியரும் கையுமா?"

சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை.

"நீ வந்தா தோத்துடுவாங்களாமே, நெசமா?"

"எத்திராஜண்ணே அப்படித்தான் சொல்றாரு."

"அப்ப வா."

எனக்குப் புரியவில்லை. அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"முந்தாநாள்லேர்ந்து ஒரு வாய் துன்னலடா அந்தாளு. வச்சத வச்சபடி கீது. காலைல வாந்தி எடுத்துட்டு, யாருக்கும் சொல்லாதன்னுட்டு கெளம்பிப் போறாரு. லோடு ஏத்துற ஒடம்பு, எத்தினி நாளு தாங்கும்? ஒருவாட்டி தோத்துத் தொலையட்டும். நீ வந்து நில்லு, போதும்."

என் ஆயுளில் எவ்வளவோ திட்டு வாங்கியிருக்கிறேன். இப்படி ஒரு அழைப்பு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. டீமுக்காக வராதே என்கிறார் ஒருவர், புருஷனுக்காக வா என்கிறார் இன்னொருவர். இத்தனைக்கும் நடுவில் எனக்கென்று ஒரு சின்ன ஆசை: என் கையுறையில் சகாயண்ணன் பந்தைப் பிடிப்பதை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும். அந்த நேரம் பார்த்து பஸ்ஸும் வந்து நின்றது. கண்டக்டர், "ஏறுறியா இல்லியா?" என்றார். "இல்லை" என்று நான் சொல்வதற்குள் அக்கா சொல்லிவிட்டார். போகிற வழியில் வீட்டுக்குள் நுழைந்து, என் புதுக் கேரியரை வாங்கிக் கழுவி, அதில் சோறும் மீன்குழம்பும் போட்டு என் கையிலேயே கொடுத்தார். அவ்வளவு நிச்சயம் அவருக்கு.

நாங்கள் கரையேறி இறங்கும்போது இரண்டு பக்கமும் கோல் இல்லை. என்னை முதலில் பார்த்தவர் பனங்கட்டைக்காரர். அவர் எழுந்தே நின்றுவிட்டார். எத்திராஜு பம்ப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"டேய், உன்ன எங்க போகச் சொன்னேன்?"

"நான்தான் இட்டாந்தேன். இப்ப இன்னான்ற?" என்றார் அக்கா.

எத்திராஜு என்னிடம் சொல்ல வைத்திருந்த எதையும் அக்காவிடம் சொல்ல முடியாது. பம்ப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் குன்றத்தூர்க்காரன் ஒருவன் கோலுக்கு நேராக உதைத்தான். மேல் மூலைக்குப் போகிற பந்து. சகாயண்ணன் குதிக்கவில்லை, யாரோ கீழிருந்து வீசிய செங்கல்லை வாங்குகிற மாதிரி கையை நீட்டி வாங்கினார். தப். அந்தச் சத்தம். என் கையுறையின் சத்தம். அவர் பந்தைப் பிடித்ததை நான் பார்த்துவிட்டேன், நான் நிற்கும்போதே பிடித்தார், ஆகவே என்மீது சாபம் ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பு முடிவதற்குள் பந்து மறுபடி வந்தது. யார் காலிலோ பட்டுத் திரும்பியது. அவர் ஒரு பக்கம் பாய, அது மறுபக்கம் உருண்டு, அவசரமே இல்லாமல் கோட்டைத் தாண்டியது.

அதற்கப்புறம் ஆட்டம் மாறவில்லை. விசில் ஊதினார்கள். தோற்றுவிட்டோம்.

சகாயண்ணன் ஏரி மண்ணில் மல்லாந்து கிடந்தார். பிறகு அவர் வயிறு குலுங்குவது தெரிந்தது. அழுகிறார் என்று நினைத்து ஓடினோம். சிரித்துக்கொண்டிருந்தார். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு நேரே அக்காவிடம் வந்தார்.

"இன்னா கொண்டாந்த?"

"மீன் கொயம்பு."

என் பெயர் போட்ட மூடியில் சோற்றைக் கொட்டி, கேரியர் மொத்தத்தையும் காலி செய்தார். குன்றத்தூர்க்காரர்களுக்கே அதைப் பார்க்கப் பிடித்திருந்தது. போண்டாக்காரர் தட்டோடு இறங்கி வந்தார். என் சட்டைப்பையில் இருந்த பூஜைப் பொரியை எல்லோரும் அள்ளினார்கள். எத்திராஜு பம்ப்பைக் கீழே வைத்தார். வைத்துவிட்டுத் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காய்த்துப் போயிருந்தது. முதலில் அவர் சிரித்தார், பிறகு எல்லோரும். என்னை யாரும் திட்டவில்லை. அடுத்த ஞாயிறு சூப்பர்வைசர் மட்டும் என்னைத் தேடினாராம்.

மறுநாள் மழை கொட்டியது. ஏரி நிறைந்தது. ஒரு நாள் முந்தி வந்திருந்தால் என்று நான் வருத்தப்பட்டதே இல்லை. வந்திருந்தால் அந்தத் 'தப்' எனக்கு இல்லை.

இப்போது அந்த ஏரியில் பாதிதான் ஏரி. மீதியில் மதில் எழுப்பி, புதுக் கார்களை ஏற்றிப்போகிற நீள நீள லாரிகள் வரிசையாக நிற்கின்றன. ஏறக்குறைய கோல் கம்பு இருந்த இடத்தில் ஒரு செக்யூரிட்டி கூண்டு. போகிறவர் வருகிறவரை எல்லாம் தடுக்கிறது. எத்திராஜு இல்லை, சைக்கிள் கடை இல்லை, பென்னலூர் என்ற பெயரில் டீம் இல்லை. போல்ட் கம்பெனியும் மூடியாயிற்று. கேரியர் மட்டும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. மூடி பாத்திரக்காரரின் எழுத்தில் என்னைச் சிறந்த தொழிலாளி என்று இன்னும் நம்புகிறது. ஒரு ஊரே நான் எங்கே நிற்கிறேன் என்று அக்கறைப்பட்ட காலம் ஒன்று எனக்கு இருந்தது. எத்தனை பேருக்குக் கிடைக்கும் அது?

உள்ளே மகள் கத்துகிற சத்தம் கேட்டது. அவள் டீம் கோலைத் திருப்பிப் போட்டுவிட்டது போல. நான் பால்கனியில் இருந்தபடியே சகாயண்ணனுக்குப் போன் போட்டேன். வயதாகிவிட்டது, பென்னலூரில்தான் இருக்கிறார். வாயில் எதையோ மென்றுகொண்டே "ம்" என்றார். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"அண்ணே, அன்னிக்கு நான் வராம இருந்திருந்தா நாம தோத்திருக்க மாட்டோம்ல?"

மெல்லுவது நின்றது.

"ஏன், கோல் நீயா அடிச்ச?"