காதுதான்னு சொல்லிடுங்க

மற்றக் கடைகளுக்கு வாடிக்கையாளர் தானாக நடந்து வருவார். காது மெஷின் கடைக்கு மட்டும் அவரை யாராவது கையைப் பிடித்து இழுத்து வரவேண்டும். வந்த பிறகும், "எனக்கு நல்லாத்தான் கேக்குது, இவங்கதான் முணுமுணுன்னு பேசறாங்க" என்பார். இந்தத் தீவில், கராச்சர்மா பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற எங்கள் கடையில் வருஷக்கணக்காக இந்த வசனத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வந்தவரைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, 'பீப்' கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்வது என் வேலை.

உங்கள் வீட்டில் டிவி அலறுகிறதா? ஒரே விஷயத்தை மூன்று தடவை கத்திச் சொல்லிவிட்டு, "ஏன் கத்தறே?" என்று திட்டும் வாங்குகிறீர்களா? வாருங்கள், நீங்களும் நம்ம கட்சிதான்.

என் தூக்கத்தைக் கெடுத்தவர் கடைக்கு அவ்வப்போது வரும் டாக்டரம்மா. காது மங்கினால் பேச்சைப் பிடிக்கவே மூளை படாத பாடு படும், மனிதர் பேச்சிலிருந்து ஒதுங்குவார், அப்படியே ஞாபகம் நழுவவும் வாய்ப்பு கூடும் என்றார். எல்லாருக்கும் அப்படி ஆவதில்லையாம். மெஷின் மாட்டினால் நிச்சயம் தடுத்துவிடலாம் என்றும் சொல்ல முடியாதாம். கேட்காததால் பதில் சொல்லாதவரும், மறந்துபோனதால் பதில் சொல்லாதவரும் பார்க்க ஒரே மாதிரி இருப்பார்கள் என்பதுதான் இதில் பெரிய கொடுமை. அதனால் கூண்டுக்கு வெளியே நிற்கிற குடும்பமெல்லாம் என்னிடம் ஒரே வேண்டுதலைத்தான் வைக்கும்: "காதுதான்னு சொல்லிடுங்க மேடம்."

என் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். ஹேடோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆன என் கணவர். மரைன் ஹில்லில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்தபடியே, ஹார்னை வைத்து எந்தக் கப்பல் என்று சொல்லிவிடுவார். "சென்னைக் கப்பல்" என்று அவர் வாயிலிருந்து வந்தால் போதும், மெயின்லேண்ட் காய்கறி வாங்கத் தெருவே பையைத் தேடும். கொஞ்ச காலமாக ஹார்ன் அடித்தால் அவர் தலை திரும்புவதில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. காலையில் சொன்னது மதியம் அவரிடம் இருப்பதில்லை. காதா, தலையா? நான் இனிச் சொல்லப்போகிற ஒவ்வொருவரையும் இந்தக் கேள்வியோடுதான் பார்த்தேன்.

அம்மா சொல்வார், ஐயா தலையாட்டுவார்

மதுரைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கட்டட கான்ட்ராக்ட் எடுத்துப் பெரிய ஆளான ஒருவரை அவர் மனைவி கூட்டி வந்தார். நான் பெயர் கேட்டால் அம்மா சொன்னார். வயது கேட்டாலும் அம்மாதான். எந்தக் காதில் இரைச்சல் என்று கேட்டதற்கும் அவரே பதில் சொன்னபோது, "அம்மா, காது உங்களுக்கா அவருக்கா?" என்று கேட்டுவிட்டேன். ஐயா சிரித்தார். நான் கேட்டது அவர் காதில் விழுந்திருக்காது. மனைவி சிரித்ததைப் பார்த்துச் சிரித்தார்.

அவரைக் கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தியதும் அந்த அம்மாவின் சிரிப்பு காணாமல் போனது. கண்ணாடி வழியாகக் கணவரையே பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "முன்னாடி அவருக்குக் கேக்காததை மட்டும் திருப்பிச் சொல்லுவேன் மேடம். இப்போ கேட்டதையும் திருப்பிச் சொல்றேன்."

ஹாங் ஜி

இந்தத் தீவில் எல்லாரும் கற்றுக்கொள்கிற முதல் இந்தி 'ஹாங் ஜி', அதாவது 'ஆமாங்க'. பெங்காலி கடைக்காரர் என்ன சொன்னாலும், ஆபீசில் சாப் என்ன கேட்டாலும், புரியாவிட்டால் 'ஹாங் ஜி' என்று தலையாட்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். நானும் அப்படிப் பிழைத்தவள்தான்.

கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த ஒரு பெரியவரைக் கப்பலேற்றி மகன் அழைத்து வந்தார். சிலோன் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே குடியேறிய குடும்பம். அப்பாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. பெயரைக் கேட்டாலும் 'ஹாங் ஜி', சாப்பிட்டாயிற்றா என்றாலும் 'ஹாங் ஜி', செத்துப்போன மனைவி எங்கே என்றாலும் அதேதான். மகன் இதைச் சொல்லும்போதே அழுதுவிட்டார்.

சோதித்தால், காது இரண்டும் கிட்டத்தட்ட மூடிக் கிடந்தது. மெஷினை மாட்டி, தமிழில் நிதானமாகப் பேர் கேட்டேன். சொன்னார். ஊர் கேட்டேன். தோட்டம், லயத்து வீடு, கப்பலில் வந்த கதை, மனைவி இறந்த மழைக்காலம் என்று எல்லாம் வரிசையாக வந்தது. ஒன்றுமே தொலையவில்லை. மகன் வாயைப் பிளந்து நிற்க, பெரியவர் என்னிடம் குறைபட்டுக்கொண்டார்: "அத்தன பேரும் என்னையப் பாத்து வாயத்தான் அசைச்சாங்க தாயி. பைத்தியம் அவங்களுக்குன்னுல்ல நான் நெனச்சேன்."

அரிசி டப்பா

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்தது. அந்தத் தைரியத்தைப் பிடுங்கிக்கொண்டு போனவர் ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார்.

இங்கே கடற்காற்றின் ஈரம் மெஷினைத் தின்றுவிடும். அதனால் கழற்றியதும் அதைத் துணியில் சுற்றி, ஒரு சின்ன டப்பாவில் உலர்ந்த அரிசிக்குள் வைக்கச் சொல்வேன். வாத்தியார் அதை நேரே வீட்டு அரிசி டிரம்மில் போட்டுவிட்டார். மறுநாள் மெஷின் குக்கருக்குள் போய் வெந்தது. அவர் மகள் வந்து சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இந்தத் தொழிலில் இதெல்லாம் சகஜம்.

புது மெஷின் கொடுத்தேன். கொஞ்ச நாளில் மகள் மறுபடி வந்தார். இந்த முறை மெஷின் காதிலேயே இருந்தது. மூக்குக் கண்ணாடி, சாவி, பல் செட் எல்லாம் அரிசிக்குள் கிடந்ததாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெஷினில்தான் கோளாறோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது நன்றாக வேலை செய்தது. வாத்தியார் பொறுமையாக உட்கார்ந்திருந்துவிட்டு, ஏதோ நான் வருத்தப்படக்கூடாது என்பதுபோல் சொன்னார்: "சத்தமெல்லாம் வருது மேடம். அர்த்தம்தான் வரமாட்டேங்குது."

ஷீலா வைத்த குட்டு

அதற்குப் பிறகு வீட்டில் நான் மனைவியாக இல்லை, வேவுக்காரியாகிவிட்டேன். அவர் முதுகுக்குப் பின்னால் கரண்டியைப் போட்டுப் பார்ப்பேன். திரும்பவில்லை என்றால் சந்தோஷம். அடுப்பில் குக்கர் கத்திக் கத்தி அடிப்பிடித்தது. கேட்டிருக்காது என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் குக்கரை அடுப்பில் வைத்ததே தான் இல்லை என்று அவர் சத்தியம் செய்தார். நானும் வைக்கவில்லை, வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை.

கடைக்கு வாருங்கள் என்றால், "உன் வியாபாரத்துக்கு என் காதுதான் கெடச்சுதா?" என்பார். நானும் அதற்கு மேல் வற்புறுத்தமாட்டேன். என்னோடு வேலை செய்யும் ஷீலா, இங்கேயே பிறந்து வளர்ந்த மலையாளிப் பெண், இதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒருநாள் கடையைச் சாத்தும்போது பட்டென்று கேட்டாள்: "அக்கா, அண்ணனோட காது கெட்டு கராப் ஆயிருக்கும்னு உங்களுக்குப் பயம் இல்ல. காது நல்லா டீக் இருந்துட்டா என்ன பண்றதுன்னுதான் டர், பயம். ஹை நா?"

சென்னைக் கப்பல்

டாக்டரம்மாவைப் பேச வைத்து ஒருவழியாக அவரைக் கூண்டுக்குள் உட்காரவைத்தேன். பொத்தானை அமுக்காத ஒவ்வொரு முறையும் எனக்கு உயிர் வந்தது. மெல்லிய சத்தம் எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. துறைமுக இரைச்சல் காதை அரித்திருந்தது. கணவருக்குக் காது போய்விட்டது என்று ஷீலாவுக்கு ரசகுல்லா வாங்கிக் கொடுத்த மனைவி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். "காதுதான்" என்று என்னிடமே நான் பலமுறை சொல்லிக்கொண்டேன்.

மெஷினோடு வீட்டுக்கு வந்தோம். என் வளையல் சத்தம் கேட்கிறது என்றார். பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுகிறது என்றார். மாலையில் வாசலில் உட்கார்ந்து, பழையபடி நாற்காலியைத் துறைமுகம் பக்கம் போட்டுக்கொண்டார். நான் டீயோடு வெளியே வந்தபோது, கீழேயிருந்து நீளமாக ஒரு ஹார்ன் வந்தது. எனக்கே தெரியும், சென்னைக் கப்பல். அவர் தலை சட்டென்று திரும்பியது. எத்தனை காலம் கழித்து! எனக்கு அழுகையே வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பெங்காலி பாபுவும் அதைப் பார்த்துவிட்டு, பையைக் கையில் எடுத்துக்கொண்டே, "பாயி சாப், கோன் சா ஜஹாஜ்?" என்று, எந்தக் கப்பல் எனக் கேட்டுப் பழைய உற்சாகத்தோடு குரல் கொடுத்தார்.

ஹார்ன் இரண்டாவது முறை அடித்து ஓய்ந்தது. என் கணவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "யாருடி அந்த லாரிக்காரன், வீட்டு வாசல்ல வந்து இப்படி ஹார்ன் அடிக்கிறான்?"

ஊருக்கெல்லாம் காது கேட்க வைத்துச் சோறு தின்கிற நான், அந்த ஹார்ன் மட்டும் இவர் காதில் விழாமலே போயிருக்கக் கூடாதா என்று தினமும் சாமியிடம் கேட்கிறேன். சாமிக்கும் ஒரு மெஷின் தேவைப்படுகிறது போலிருக்கிறது.