ஞானத்தாய் கண்ட பசாசு

எங்கள் வீட்டில் பசாசு புகுந்துவிட்டது என்று முதலில் சொன்னவள் நான்தான். ஐம்பதுகளின் கடைசியில், தென்னூரில் ஒரு வாடகை வீட்டில் என் கணவரும் நானும், கொழுந்தனும் அவர் மனைவியுமாக ஒரே அடுப்பில் பொங்கிச் சாப்பிட்ட காலம் அது.

கொழுந்தன் மனைவி ஸ்ரீரங்கத்துப் பெண். டைப்ரைட்டிங் வகுப்பில் அவரோடு பழகி, ஞானஸ்நானம் பெற்றுக் கல்யாணம் செய்துகொண்டாள். அதோடு பிறந்த வீட்டில் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். ஞானஸ்நானச் சடங்கில் அவளுக்கு ஞானத்தாயாக நின்றவள் நான். அவள் தோளில் நான் கை வைத்திருக்க, பசாசை விட்டுவிடுகிறேன் என்று அவள் சொன்ன குரலில் நடுக்கமே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தால், "உங்க ஓரகத்திக்கு என்ன பக்தி! நாமெல்லாம் அவகிட்ட பிச்சை வாங்கணும்" என்பார்கள் மாதா கோயில் பெண்கள். நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவ வேதத்தில் இருக்கும் குடும்பத்தில் பிறந்த நான் இளித்துக்கொண்டு நிற்பேன். வயிறு எரியும்.

ஈஸ்டருக்கு முந்தைய அந்தத் தபசு காலத்தில் எனக்கு ஜெபம் வராமல் போயிற்று. ஜெபமாலையைக் கையில் எடுத்தால் மணிக்கு மணி எரிச்சல்தான். பக்தியுள்ளவர்களைத்தான் பசாசு தாக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆக, என்னைத் தாக்குகிறது! எந்த வழியாக உள்ளே வந்தது என்று யோசித்தேன். வழி கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

ஒரு பிற்பகல், அவள் கடைக்குப் போயிருந்தபோது அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். புடவைகளுக்கு அடியில் மரத்தாலான குங்குமச் சிமிழ் ஒன்று இருந்தது. இதோ, என்றேன். ஜெபித்துக்கொண்டே எடுத்துப்போய் உய்யக்கொண்டான் வாய்க்காலில் போட்டேன். திரும்பி வந்து வீடு முழுக்க, கோயிலில் மந்திரித்த தீர்த்தம் தெளித்தேன். உண்மையைச் சொல்கிறேன், அன்று மனம் அவ்வளவு லேசாக இருந்தது.

அவள் இரண்டு நாள் பெட்டியைக் குடைந்தாள். மூன்றாம் நாள் நானே சொன்னேன்.

"நான்தாம்மா எடுத்துப் போட்டேன். அந்தச் சிமிழ் இருந்தா வீட்டுல ஜெபம் தங்காது. உன் நல்லதுக்குத்தான்."

அவள் சண்டை போடவில்லை. "அதுல குங்குமம்கூட இல்லக்கா. எங்கம்மா வாசனை மட்டும்தான் இருந்துச்சு" என்றாள். பிறகு மாடத்திலிருந்த தீர்த்தப் புட்டியை எடுத்துத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். "எங்கிட்ட இன்னும் ஏதாவது இருந்தா அதுவும் போயிடட்டும்."

ஜெபம் திரும்பவில்லை. சிமிழ் போயும் எரிச்சல் போகவில்லையே என்று அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. பசாசு கொம்பும் வாலுமாக வரும் என்றிருந்தேன். அதுவோ என் குரலிலேயே, பக்தியாகவே பேசியிருந்தது. புரிந்தும் வாய் திறக்கவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதும், ஜெபத்தில் பராக்கு, மனம் சிதறுகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வருஷமே அவளுடைய தாயார் இறந்துபோனார். தெரிந்தவர்கள் மூலம் செய்தி வர, பஸ் பிடித்து இருவரும் ஸ்ரீரங்கம் போனோம். வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்று தெரியும். தெருமுனையிலேயே நின்றோம். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போவதை அவள் அங்கிருந்தே பார்த்தாள். என் கையை இறுகப் பிடித்திருந்தாள். அம்மாவுடையது என்று அவளிடம் இப்போது ஒன்றும் இல்லை.

அப்போதும் அந்தக் குரல் வந்தது. அவள் நல்லதுக்குத்தானே செய்தாய், இந்த நேரத்தில் போய் எதற்குக் கிளறுகிறாய் என்றது. எவ்வளவு இதமான குரல்! முதல் தடவையாக, அது பேசும்போதே யாருடையது என்று எனக்குத் தெரிந்தது. போ, என்றேன் மனதுக்குள்.

"உன் நல்லதுக்குன்னு நான் சொன்னது பொய்ம்மா. உன் மேல பொறாமையில செஞ்சேன்."

"அன்னிக்கே தெரியும்க்கா" என்றாள். என் கையை உதறுவாள் என்று காத்திருந்தேன். உதறவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.