சயிக்கிள் ஏற்றும் ரயில்

ஊரில் சண்டை நின்று சமாதானம் வந்துவிட்டதாகப் பெரியவர்கள் பேசிக்கொண்ட கோடை அது. ஒவ்வொரு வருடமும் ஒஸ்லோவிலிருந்து பாரிசுக்குப் போய், சித்தப்பா வீட்டுச் சோபாவில் விடுமுறையைக் கழித்துவிட்டுத் திரும்புவோம். ஒஸ்லோவில் என்னுடைய வெஸ்ட்லி பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் கடல், கூடாரம், தோணி என்று கதை சொல்வார்கள். என்னிடம் சோபாதான் இருந்தது. அந்த முறை அப்பா, வேலையிடத்து நொர்வேஜியர்களைப் பார்த்துவிட்டு, பிரான்சின் நாட்டுப்புறத்தில் சயிக்கிள் ஓடுவோம், கடைசியில் கடலுக்கும் போவோம் என்றார்.

"ஊரிலை மிதிச்சது காணாதே? பிளேனேறி வந்து சயிக்கிள் மிதிக்கப் போறாராம்," என்று சிரித்தபடியே அம்மா தட்டை வடை கட்டித் தந்தார்.

அப்பா, சித்தப்பா, நான். சோளத் தோட்டங்களுக்கு நடுவே மூன்று நாள் ஓடினோம். எனக்குச் சோளம் ஒன்றும் கண்ணில் படவில்லை. கடல் எப்போது, கடல் எப்போது என்று சித்தப்பாவை அரித்தபடியே இருந்தேன். கடற்கரைக்குச் சயிக்கிள்களை ஏற்றிப் போகும் ரயில், கடைசியாக நாங்கள் தங்கிய சிற்றூருக்குக் காலையில் ஒன்றுதான். அதை விட்டால் கடல் இல்லை. மறுநாள் பாரிசுக்குத் திரும்பியாக வேண்டும்.

அன்று காலை சித்தப்பாவும் நானும் முந்திப் போய்விட்டோம். ரயில் நின்றுகொண்டிருந்தது. சித்தப்பா எங்கள் இரண்டு சயிக்கிள்களையும் தூக்கிப் பெட்டியின் கொக்கிகளில் மாட்டிவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார். அப்பா ஸ்டேசன் வாசலை நெருங்கிக்கொண்டிருந்தார். வாசலில் இரண்டு இளம் இராணுவத்தினர் பைகளைக் காலடியில் வைத்துவிட்டுப் பணிஸ் தின்றுகொண்டு நின்றார்கள். அவர்களைக் கண்டதும் அப்பா இறங்கினார். தொப்பியைக் கழற்றினார். நிலத்தைப் பார்த்தபடி சயிக்கிளை மெல்ல உருட்டினார்.

"அண்ணை, ஏறி ஓடி வாங்கோ! வெளிக்கிடப் போகுது!"

அப்பா நிமிரவில்லை.

"ஏன் நடக்கிறார்? சித்தப்பா, ஓடிவரச் சொல்லுங்கோவன்!" நான் காலை உதைத்தேன்.

விசில் கேட்டது. சித்தப்பா சயிக்கிள்களை இழுத்து இறக்கி, என்னையும் இறக்கினார். அந்த இருவரும் பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, அப்பாவைத் திரும்பியும் பார்க்காமல் ஏறிக்கொண்டார்கள். அவர்கள் கடலுக்குப் போனார்கள்.

"எல்லாம் உங்களாலைதான்!" என்று கத்தினேன். மூன்று நாளாக அப்பாவுடைய தொப்பையைப் பகிடி பண்ணிக்கொண்டு வந்த சித்தப்பா, அப்போது மட்டும் பகிடி விடவில்லை.

"விடுங்கோ அண்ணை. இஞ்சை வந்த புதுசிலை ஆமியைக் கண்டால் நானும் இறங்கி உருட்டினனான். ஊர்ப் பழக்கம் லேசிலை போகாது."

ஊரில் இறங்காமல் போனவர்களுக்கு என்ன நடந்தது என்று ஒருவரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. ஹெல்மெட், மணி, சிவப்பு விளக்கு என்று பள்ளிக்கூடத்தில் வீதி ஒழுங்கு படித்த பிள்ளை நான். இதையும் அப்படியொரு சட்டமாகவே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் பாரிஸ் ரயிலுக்குப் போகையில் அதே வாசலில் சீருடை போட்ட ஒருவர் நின்றார். துப்பாக்கி இல்லை, இப்போது நினைத்தால் ரயில்வேக்காரராகத்தான் இருக்கவேண்டும். நான் உடனே இறங்கினேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன். தலை குனிந்து உருட்டியபடி, அப்பா பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். முதல்நாள் கத்தியதற்கு இது ஈடாகும் என்று நினைத்தேன்.

அப்பா பக்கத்தில் வந்து பிரேக் பிடித்தார். முகம் வெளிறியிருந்தது.

"ஏறடா."

"அப்பா, அங்கை ஆமி..."

"ஏறி ஓடு எண்டு சொன்னனான்!"

வீதியில் அவர் என்மேல் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. ஹெல்மெட்டை வாங்கி என் தலையில் மாட்டி, வாரைப் பூட்டிவிட்டார். நான் அழுகையை அடக்கிக்கொண்டு ஏறி மிதித்தேன். சீருடைக்காரர் சிரித்து வழிவிட்டார்.

அப்பா செய்ததைப் பார்த்துத்தானே இறங்கினேன், அதற்கு ஏன் ஏச்சு என்று பாரிஸ் வரும்வரை எனக்கு ஆறவேயில்லை.