பன்னிரண்டாவது டின்

பஞ்சர்க்காரர் தன் மச்சானுக்குப் பதினோரு டின் சத்துப்பொடியின் விலையைத் தர வேண்டியிருந்தது. வாழ்க்கையில் அவர் பட்ட ஒரே கடன் அதுதான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, அடுத்தவன் கடையில் டயர் உருட்டி, திட்டும் அடியும் வாங்கி, கடைசியில் சொந்தமாகக் காற்றடிக்கிற இயந்திரமே வாங்கிப் போட்ட மனிதர். லாரி டயரைத் தனி ஆளாகக் கழற்றி மாட்டுவதில் அந்தச் சாலை முழுக்கத் தேடினாலும் அவரை அடிக்க ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்டவர் ஒரு மருந்துக்கடை வாசலைத் தலையைக் குனிந்துகொண்டு கடக்க வேண்டியிருந்தது. காரணம், அவர் பெண் குடித்த பொடி.

மருந்துக்கடை மச்சானுடையது. பெண்டாட்டியின் அண்ணன். கிரீஸ் ஒட்டிய கையில் தங்கையைப் பிடித்துக் கொடுக்க நேர்ந்ததை அவர் கல்யாணத்தன்றும் மன்னிக்கவில்லை, அதற்குப் பிறகும் மன்னிக்கவில்லை. நாலு வயது மருமகளுக்கு டின்னைக் கேட்காமலே கொடுத்தனுப்புவார். பணத்தை மட்டும் கேட்பார், அதுவும் கடையில் ஆட்கள் நிற்கிற நேரமாகப் பார்த்து.

"எங்க மாப்ள காத்தடிச்சுச் சம்பாதிக்கிறார். காத்து கையில நிக்குமா? என் தங்கச்சி புள்ளைக்கு நான்தான் சத்துக் குடுத்து வளர்க்க வேண்டியிருக்கு."

மாத்திரை வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு தெருவைத் தாண்டி டயர் கடைவரைக்கும் வந்து சேரும்.

பஞ்சர்க்காரரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. மச்சான் மகன் டின் குடித்தால் என் மகளும் டின்தான் குடிப்பாள் என்று முதல் டின்னை வீம்புக்கு வாங்கியவரே அவர்தான். காலி டின்களை எறிய மனம் வரவில்லை. கதவைத் திறந்தால் கண்ணில் படுகிற அலமாரியில், கொழுகொழு குழந்தைப் படம் தெருவைப் பார்க்கிற மாதிரி, வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். வருகிறவன் போகிறவன் பார்க்கட்டும் என்றுதான்.

விலை கொஞ்சமா நஞ்சமா? அதனால் அவர் மனைவி ஒரு டின்னை இரண்டு மாதம் இழுத்தடித்தாள். ஒரு கரண்டிப் பொடி, ஒரு சொம்புத் தண்ணீர், பொடி குறைந்தது தெரியாமலிருக்க அள்ளி அள்ளிச் சர்க்கரை. காலையில் அது, மத்தியானம் அது, பிள்ளை சிணுங்கினால் மறுபடியும் அது. வீட்டில் வேகிற ஒரே முட்டை டயர் தூக்குகிறவர் தட்டுக்குப் போனது. பருப்பில் அடியில் கிடக்கிற கெட்டி அவருக்கு, மேலே நிற்கிற தண்ணீர் பிள்ளைக்கு, சட்டியில் ஒட்டினது அவளுக்கு. யாரும் இதைத் தப்பென்று நினைக்கவில்லை. பிள்ளைக்குத்தான் டின் இருக்கிறதே.

எடை பார்க்க நர்ஸ் வந்தது அந்தச் சமயத்தில்தான். சுகாதார நிலையத்து நர்ஸ், பேச்சில் ஈரம் என்பதே கிடையாது. பிள்ளையை எடை மெஷினில் நிறுத்தினார். நம்பரைப் பார்த்தார், குச்சி மாதிரி இருந்த காலைப் பார்த்தார், தலையைத் தூக்கி அலமாரியைப் பார்த்தார்.

"இத்தனையும் யார் குடிச்சது?"

"என் பொண்ணுதான்" என்றார் பஞ்சர்க்காரர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"அப்ப சாப்பாட்டை யார் சாப்பிட்டது?"

பிள்ளைக்குப் பொடி கரைத்து வைத்திருந்த கண்ணாடி டம்ளரை நர்ஸ் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். டம்ளருக்கு அந்தப் பக்கம் ஜன்னல் கம்பி எண்ணுகிற மாதிரித் தெரிந்தது. பிறகு அம்மாக்காரியைப் பிடித்துக் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது.

அப்புறம் விழுந்தது பாருங்கள் திட்டு. பிள்ளை வயிறு கையளவு, அதைச் சர்க்கரைத் தண்ணீரால் நிரப்பிவிட்டுச் சாப்பிடவில்லை என்று புலம்பினால் எப்படி என்றார். முட்டை, மீன், மசித்த கெட்டிப் பருப்பு, ஒரு கரண்டி எண்ணெய் விட்டு வதக்கிய கீரை, பொடித்த வேர்க்கடலை, கையில் கிடைக்கிற பழம், இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு ஐந்து தடவை. பூச்சி மாத்திரை ஒன்றும் கொடுத்தார். அம்மா கடைசியில் வழித்துத் தின்பதை நிறுத்த வேண்டும், அவள் விழுந்தால் வீடே விழும் என்றும் சொன்னார்.

"அடுத்த மாசம் எடை ஏறலைன்னா பெரிய ஆஸ்பத்திரியில படுக்க வைக்கணும். நான் விளையாட்டுக்குச் சொல்லல."

பஞ்சர்க்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் அவர் தொழில் தெரிந்தவர். ஓட்டை இருக்கிற டியூபுக்கு எவ்வளவு காற்றடித்தாலும் நிற்காது, முதலில் ஓட்டையைத் தேடு என்பது அவர் பிழைப்பு. மறுவேளை தன் தட்டில் முட்டை வந்து உட்கார்ந்தபோது ஓட்டை எங்கே என்று தெரிந்துவிட்டது.

முட்டையைப் பிள்ளைக்குக் கொடுக்கப் போனவரை மனைவி தடுத்தாள். பாரம் தூக்குகிற உடம்பு, நீங்கள் சாப்பிட்டால்தான் ஆகும் என்றாள்.

"அவளுக்காகத்தானே தூக்குறேன். கொண்டா இன்னும் ரெண்டு தட்டை."

அன்றிலிருந்து மூன்று தட்டும் ஒரே நேரத்தில் தரையில் இறங்கின. டின் விலையில் வீட்டுக்கே ஒரு மாத முட்டை வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது அவருக்கு வயிறு எரிந்தது.

இனிமேல் டின் வேண்டாம் என்று மச்சானுக்குச் சொல்லியனுப்பினார். அவ்வளவுதான், மருந்துக்கடையில் புதுப் பாட்டு ஆரம்பமாகிவிட்டது. கடனைக் கொடுக்க வக்கில்லாமல் பெற்ற பிள்ளையைப் பட்டினி போடுகிறான் என்று தெரு முழுக்கச் செய்தி பரவியது. அதற்குத் தகுந்தாற்போல் பிள்ளையும் சாப்பாட்டைத் துப்பியது. இனிப்புக்குப் பழகின நாக்கு, பருப்பைக் கண்டால் வாயை இறுக்கிக்கொண்டது. அது அழுகிற சத்தம் கேட்டு மச்சான் தெருவிலேயே நின்று, உள்ளே இருக்கிற தங்கைக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"அந்த நர்ஸ் பேச்சைக் கேட்டு டின்னை நிறுத்தினீங்கன்னா புள்ள கையை விட்டுப் போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து அழாத."

பஞ்சர்க்காரர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். அடுக்கின டயர்மேல் உட்கார வைத்தார். டியூபில் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினால், ஓட்டை இருக்கிற இடத்தில் குமிழி கிளம்பும். அதைக் கண்டுபிடிக்கிற வேலையை மகளிடம் கொடுத்தார். "எங்க போகுது காத்து? காட்டு பார்க்கலாம்." அது குனிந்து பார்த்து விரலை நீட்டும். நீட்டினால் ஒரு வாய் பருப்பும் கீரையும். இன்னொரு டியூப், இன்னொரு வாய். கை கழுவிக் கழுவி ஊட்டியதில் அவர் நகக்கண்ணில் இருபது வருஷத்து கிரீஸ் காணாமல் போயிற்று. நாலைந்து நாளில் பிள்ளை தானாகவே வாயைத் திறந்தது.

பிறகு திடீரென்று ஒரு வாரம் மறுபடியும் துப்பியது. அவருக்கு மூக்கில் வியர்த்தது. வீட்டுக்கு வந்து குடைந்ததில் அழுக்குத்துணிக் கூடையின் அடியில் புது டின் அகப்பட்டது. மூடி திறந்து, கொஞ்சம் குறைந்தும் இருந்தது. மனைவி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"அண்ணன் அப்படிச் சொன்னதும் பயந்துட்டேங்க. மருந்துக்கடை வச்சிருக்கறவருக்குத் தெரியாதா?"

"உங்க அண்ணன் கடையில என்ன இருக்கோ அதைத்தான் நல்லதுன்னு சொல்வார். நானும் கடை வச்சிருக்கறவன்தான், எனக்குத் தெரியாதா? நர்ஸம்மாவுக்கு விக்கறதுக்கு என்ன இருக்கு?"

அவள் அழுதாள். அவர் சமாதானம் சொல்லவில்லை. டின்னை எடுத்துப் போய் மருந்துக்கடைக் கண்ணாடி மேசைமேல் டம்மென்று வைத்தார்.

"திறந்த சாமானைத் திருப்பி எடுக்கற வழக்கம் இல்ல, மாப்ள" என்றார் மச்சான், தலையைக்கூட நிமிர்த்தாமல். "பதினொண்ணு இப்ப பன்னெண்டு. முடியலைன்னா சொல்லுங்க, காத்தடிக்கிற மெஷினை அடகா எடுத்துக்கறேன்."

"எடை பார்க்கற நாள் வரட்டும் மச்சான். உங்க கணக்கை அப்புறம் முடிக்கிறேன்."

அந்த நாளும் வந்தது. தங்கை புருஷன் மூக்கறுபடுவதைப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது என்று மச்சான் கடையைப் பூட்டிவிட்டுச் சுகாதார நிலையத்துக்கே வந்துவிட்டார். இப்போதெல்லாம் மனைவியும் வேளைக்கு உட்கார்ந்து சாப்பிட்டதில், படி ஏறும்போது முன்னைப்போலச் சுவரைப் பிடிக்கவில்லை என்பதை அவர் மட்டும் கவனித்தார். பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினில் தானே ஏறி நின்றது. நர்ஸ் குனிந்து பார்த்தார். இறக்கிவிட்டு மறுபடியும் ஏற்றிப் பார்த்தார்.

"முக்கால் கிலோ ஏறியிருக்கு. ஆஸ்பத்திரி வேண்டாம். இன்னும் பத்தாது, விட்டுடாதீங்க."

"மெஷின் சரியா இருக்கான்னு பாருங்க" என்றார் மச்சான்.

"நீங்க ஏறி நில்லுங்க, பார்த்துடலாம்" என்றார் நர்ஸ்.

வரிசையில் நின்ற பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மச்சான் ஏறவில்லை. பலன் மெதுவாகத்தான் தெரியும், எல்லாம் தான் கொடுத்த டின்னின் வேலை என்று முனகிக்கொண்டே வெளியே போனார். நர்ஸ் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

மறுநாள் பஞ்சர்க்காரர் கடைக்குப் பின்னால் குவித்து வைத்திருந்த பழைய டயர்களை விற்றார். ஒரு நாள் உதவும் என்று யாருக்கும் தராமல் கட்டிக் காத்த டயர்கள். கழுத்து ஒடிய இரண்டு லாரிக்குச் சக்கரம் மாற்றினார். அதற்கப்புறம் வீட்டுக்கு வந்து, அலமாரியில் இருந்த டின்களை ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போட்டார். அந்த இடத்தில் மனைவி முட்டைத் தட்டை வைத்தாள்.

கடையில் ஆட்கள் நிற்கிற நேரமாகப் பார்த்து அவரும் மருந்துக்கடைக்குப் போனார். தலை நிமிர்ந்துதான் இருந்தது.

"அங்க வச்சுட்டுப் போங்க மாப்ள" என்று மச்சான் கண்ணாடி மேசையைக் காட்டினார்.

"கையை நீட்டுங்க மச்சான்."

நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீட்டாமல் இருக்க முடியவில்லை. பஞ்சர்க்காரர் ஒவ்வொரு நோட்டாக, சத்தமாக எண்ணி வைத்தார். பதினோரு டின்னுக்கும் முடிந்தது. "இது உங்க தங்கச்சியை ஏமாத்தி வித்தீங்களே, அந்தப் பன்னெண்டாவதுக்கு. அதோட மதிப்பு இவ்வளவுதான்" என்று சட்டைப் பையைக் கவிழ்த்தார். காலி டின்களை விற்ற சில்லறை. ஒன்று, இரண்டு என்று எண்ணி எண்ணி, மச்சானின் கிரீஸ் படாத வெள்ளைக் கையில் கடைசிக் காசுவரை வைத்தார்.