சகலை வீட்டுக் காகிதப்பூ

ஒரே கொடியில் வெட்டிய இரண்டு குச்சிகளை ஒரே மாதிரித் தொட்டிகளில் நட்டால், ஒன்று பூத்துக் குலுங்குவதும் மற்றது வெறும் இலையாக நிற்பதும் எந்த நியாயத்தில் சேரும்? லிஃப்ட் மெக்கானிக்கை இந்தக் கேள்வி சில வருடங்களாகத் தின்றுகொண்டிருந்தது.

அவரும் அவருடைய சகலையும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். அடுத்தடுத்த வீடு. சகலை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எதையும் சிரித்தே சாதிக்கிறவர். வெயில் நாட்டுக் காகிதப்பூவை இந்தக் குளிர் ஊரில் வளர்க்கலாம் என்று குச்சிகளைக் கொண்டுவந்தவரும் அவர்தான். பனிக்காலத்தில் உள்ளே தூக்கி வைத்தால் போதும், மற்றபடி ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது மெக்கானிக்குக்கு வராது. எண்ணெய் போடாமல் ஒரு லிஃப்டையும் விட்டு வந்தவர் அல்ல அவர். காலையும் மாலையும் தண்ணீர், வாரம் தவறாமல் உரம். கொடி தளதளவென்று வளர்ந்ததே ஒழிய ஒரு மொட்டுகூட வைக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம், தண்ணீர் ஊற்றவே மறந்துபோகிற மனிதரின் வீட்டில், சுவரே தெரியாதபடி பூ.

மனைவி தினமும் டீயோடு வேலியோரம் போய் நின்று அதைப் பார்ப்பாள். தன் கொடிக்கு முன்னால் ஒருநாளாவது அவள் அப்படி நிற்க வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

"உரம் போட்டீங்களா?" என்பாள் திரும்பி வந்து.

"போட்டேன்."

"அவர் போடறதே இல்லையாம்."

அவர் பூவாளியை எடுத்துக்கொண்டு மறுபடி தன் கொடிப் பக்கம் போவார்.

ஒரு குளிர்காலத்தில் சகலை குடும்பத்தோடு மகள் வீட்டுக்குக் கிளம்பினார். தொட்டியைக் கொண்டுவந்து இறக்கினார்.

"கண்ணு வைக்காம பாத்துக்குங்க, சகலை."

"என் கண்ணுக்கு அவ்வளவு சக்தி இருந்தா என் செடியே பூத்திருக்குமே."

"உங்க மூஞ்சியைப் பாத்துப் பயந்திருக்கும். கொஞ்சம் சிரிச்சுக் காட்டுங்க."

மனைவி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

இனி அது வாடினால் வயிற்றெரிச்சலில் கொன்றுவிட்டான் என்பார்கள். பொறாமைக்காரனுக்குப் பொறாமையைவிட, அது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம் பெரிது. தன் சாமான்களை அடைத்து வைத்திருந்த, மனைவி எட்டிப் பார்க்காத பின்னறையில், கண்ணாடி ஜன்னலோரம் நல்ல இடத்தை அதற்கே கொடுத்தார். தண்ணீர், உரம், ஈரத்துணியால் இலை துடைப்பு எல்லாம் அதற்குத்தான். தன் கொடியை எதிர் ஜன்னலடியில் தள்ளி வைத்தவர், அதற்குத் தண்ணீர் ஊற்றுவதைக்கூட ஏறக்குறைய மறந்துபோனார்.

வேர் காய்ந்து தவித்தால்தான் அந்தக் கொடி பூக்கும். தண்ணீர் கண்டால் இலை விட்டுக்கொண்டே போகும். சகலைக்கும் இது தெரியாது. அவருடைய சோம்பல் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

குளிர் விட்டபோது மெக்கானிக்கின் கொடி உச்சி முதல் அடி வரை பூத்திருந்தது. சகலையுடையதில் இலைதான். இரண்டையும் தோட்டத்துக்குத் தூக்கி வந்தார். வேலை முடிந்து வந்த மனைவி பையைக்கூட இறக்காமல் பூத்த கொடியின் முன்னால் நின்றாள். வெகுநேரம் நின்றாள்.

"பாத்தீங்களா, இடம் மாத்தினாலும் அவரோடது பூக்குது. கைராசின்னா அதான்."

அவர் அவளையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ம்," என்றார்.

அன்று மாலையே சகலை வந்துவிட்டார். "நல்லாத்தான் பாத்திருக்கீங்க, சகலை. நான் பயந்துட்டே இருந்தேன்."

மெக்கானிக் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். பூத்த தொட்டியை அதில் ஏற்றினார். கை கொடுக்க வந்த சகலையை வேண்டாம் என்று தடுத்துவிட்டு, தானே தள்ளிக்கொண்டு போய் அடுத்த வீட்டுச் சுவரோரம் இறக்கி வைத்தார். பெருந்தன்மை என்று சொல்லிவிட முடியாது. அப்போதும் முகம் இறுகித்தான் இருந்தது. ஏன் அப்படிச் செய்தார் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை.