பொட்டுக்குக் கீழே இருந்த இலக்கம்

அந்த மோட்டார் சைக்கிளைக் கொடிகாமத்தில் ஒரு தேங்காய் வியாபாரியின் மட்டைக் கொட்டிலில் கண்டேன். இங்கிலாந்தில் செய்தது. அது ஓடி எட்டு வருடமாயிற்று என்றார் வியாபாரி. வாங்கி, மாட்டுக் கரத்தையில் ஏற்றிச் சண்டிலிப்பாய்க்குக் கொண்டுவந்தேன்.

அப்போது இரண்டாம் உலக யுத்த காலம். கூப்பன் இல்லாமல் பெற்றோல் இல்லை. பதிவு இல்லாமல் கூப்பன் இல்லை. மறுபடியும் கரத்தையில் ஏற்றிப் பட்டினத்து மோட்டார் பதிவுக் கந்தோருக்குக் கொண்டுபோனேன். கிளாக்கர் குனிந்து பார்த்துவிட்டு, எஞ்சினில் இலக்கமே இல்லை என்றார். இலக்கமில்லாத எஞ்சின் களவுப் பொருளாக இருக்கலாமாம். இரண்டு கிழமைக்குள் காட்டாவிட்டால் மோட்டார் சைக்கிளைப் பறிமுதல் செய்வோம் என்றார். அவருடைய கந்தோரில் சனங்கள் மணிக்கணக்கில் காத்துக்கிடப்பதைப் பற்றி இரண்டு மாதத்துக்கு முன் பத்திரிகையில் எழுதியவன் நான்தான். அது அவருக்கும் தெரியும்.

மருதனார்மடம் சந்தியில் பட்டறை வைத்திருந்த கொல்லர் ஒரு வழி சொன்னார். வியாபாரி தந்த பதிவுப் புத்தகத்தில் பழைய இலக்கம் இருந்தது. அதைப் பார்த்து எஞ்சினில் உளியால் பொறித்துவிடலாம்.

"ரெண்டு அடி, வேலை முடிஞ்சுது அண்ணை. கடவுளுக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"அப்ப நீங்கள் கடவுளிலும் பெரிய ஆளோ?"

"கடவுள் பேப்பருக்கு எழுதிறேல்லை. நான் எழுதிறன்."

கொல்லர் சிரித்துக்கொண்டு உளியைக் கீழே வைத்தார். பொய் இலக்கம் பொறிப்பதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். பொறித்தால் கிளாக்கர் சொன்னது உண்மையாகிவிடும்.

இலக்கத்தைத் தேடி எல்லாவற்றையும் கழற்றி ஒரு சாக்கின் மேல் பரப்பினோம். எது பழையது, எது பிறகு வந்தது என்று சொல்ல ஆள் இல்லை. இருக்கைக்குக் கீழே இருந்த பெட்டியில், இங்கிலாந்திலிருந்து அதனோடேயே வந்த ஸ்பனர் ஒன்று மிஞ்சியிருந்தது. அது கவ்விப் பிடித்த நட்டுகள் இங்கிலாந்தில் பூட்டியவை. அது வழுக்கிய நட்டுகள் இங்கே பூட்டியவை. முன் விளக்கு குதிரை வண்டியிலிருந்து வந்தது என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தேன். எஞ்சினில் ஸ்பனர் ஓரிடத்திலும் வழுக்கவில்லை. பிறகு இலக்கம் மட்டும் எங்கே போயிருக்கும்?

கொடிகாமத்துக்குச் சைக்கிளில் போய் வியாபாரியைக் கேட்டேன். இலக்கம் எதையும் தான் கண்டதில்லை என்றார். ஓடாமல் நின்ற எட்டு வருடமும் சரசுவதி பூசைக்கு அதைக் கழுவி, வெள்ளி மை பூசி, சந்தனமும் குங்குமமும் வைத்தாராம். மை பூசுமுன் பழைய பொட்டை அழித்தீர்களா என்று கேட்டேன். அவருடைய முகம் மாறிவிட்டது.

"பொட்டை அழிக்கிறதோ தம்பி? அமங்கலமெல்லே. அதுக்கு மேலைதான் பூசினனான்."

"எந்த இடத்திலை வைச்சனீங்கள்?"

"நெத்தி மாதிரிச் சமனாய் ஒரு இடம் கிடக்கு. சிலிண்டருக்குக் கீழை."

கத்தி வைத்தால் இலக்கத்தைத் தொட்டுத் திருத்தியதாகச் சொல்வார்கள் என்று, மண்ணெண்ணெய்த் துணியால் ஊறவைத்து, உடைந்த சிரட்டையின் விளிம்பால் சுரண்டினேன். வெள்ளி மை, சந்தன மஞ்சள், மறுபடி வெள்ளி, மறுபடி மஞ்சள். எட்டு மஞ்சள் எண்ணினேன். அடியில் ஓர் எழுத்தும் ஐந்து இலக்கங்களும் இருந்தன. பதிவுப் புத்தகத்தில் இருந்தவையே.

அதே துணியால் கியர்ப்பெட்டியையும் துடைத்தேன். அதில் இருந்தது வேறு இலக்கம். கழற்றும்போது ஸ்பனரும் அங்கே வழுக்கியிருந்தது.

"இதைக் கந்தோரிலை சொல்லிப்போடாதேங்கோ" என்றார் கொல்லர்.

பூட்டி முடித்ததும் கந்தோருக்குக் கொண்டுபோனோம். கிளாக்கர் பூதக்கண்ணாடி வைத்து எஞ்சின் இலக்கத்தை இரண்டு தரம் வாசித்தார். கியர்ப்பெட்டி வேறு என்று நானே சொன்னேன். அவருக்கு உயிர் வந்தது. அப்படியானால் பதிய ஏலாது என்று புத்தகத்தை மூடினார். கியர்ப்பெட்டி மாற்றக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டேன். அது தனக்குத் தெரியும் என்றார்.

"அப்ப, ஏலாது எண்டு எழுத்திலை தாங்கோ. உங்கடை கையெழுத்தும் வேணும்."

"என்ன ஐசே, பேப்பரிலை போடவோ?"

"ஓம்."

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் ஒரு கடதாசியை எடுத்தார், பேனாவை மையில் தோய்த்தார், எழுதவில்லை. கடைசியில் கடதாசியைத் தள்ளிவைத்துவிட்டுப் பதிவுப் புத்தகத்தைத் திறந்து என் பெயரை எழுதினார். அதன் கீழே, கியர்ப்பெட்டி வேறு என்று சிவப்பு மையில் ஒரு வரி. என்னைச் சிறுமைப்படுத்தத்தான் அந்தச் சிவப்பு.

"சில்லுக்கு மேலை கிடக்கிற மட்காட்டையும் எழுதுங்கோ" என்றேன். "அது மண்ணெண்ணெய்த் தகரத்திலை வெட்டினது."

கடதாசி கிழியுமளவுக்கு அழுத்தி அதையும் எழுதினார். கூப்பனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.