நீலப் பேனாக்காரர்

கமா சாருக்கு அழைப்பிதழ் கொடுக்கப் போகிறவர்கள் கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு போவது நல்லது. வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் மனிதர் சட்டைப் பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்துவிடுவார். விசேஷம் என்றைக்கு என்று அப்புறம்தான் பார்ப்பார். எந்த எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்பதுதான் முதலில். ஆங்கிலச் செய்தித்தாள் ஒன்றில் காலமெல்லாம் பிழை திருத்தியவர். ஒரு கமாவைக்கூட விடமாட்டார் என்று மச்சான்கள் கேலியாக வைத்த கமா என்ற பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஹோட்டல் பலகை, மருந்து டப்பா, பஸ் டிக்கெட் எதையும் அவர் சும்மா விட்டதில்லை. "ஊர்ல இருக்கற தப்பையெல்லாம் உங்க தலையிலயா எழுதி வெச்சிருக்கு?" என்று மனைவி அலுத்துக்கொள்வாள்.

அந்தச் செய்தித்தாளை ஒரு நாள் இழுத்து மூடிவிட்டார்கள். தலை நரைத்தவரைக் கூப்பிட்டு வேலை கொடுக்க யார் காத்துக்கொண்டிருக்கிறார்கள்? ஏறாத படியில்லை. மனைவி மருந்துக் கடையில் நின்று சம்பாதித்ததில்தான் வீடு ஓடியது. நின்று நின்று அவளுக்குக் கால் வீங்கிப் போயிற்று. நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியாயிற்று. "உக்காந்துக்கிட்டா மேல் தட்டு மாத்திரை எட்டுமா?" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள். அவள் காலைப் பார்க்கும்போதெல்லாம் கமா சார் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கடைசியில், சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருந்த ஒரு சின்னப் பதிப்பகம் அவரைக் கூப்பிட்டது. மேல்படிப்புக்கான நுழைவுத் தேர்வுகளுக்குப் பயிற்சிப் புத்தகம் போடுகிறவர்கள். ஒரு மாசம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார் முதலாளி. நிரந்தரமானால் அவள் கடையை விட்டுவிடலாம். அவர் மனசில் இருந்தது அது ஒன்றுதான்.

இத்தனை நெருக்கடியிலும் வீம்பு மட்டும் குறையவில்லை, பாருங்கள். முதல் நாளே பக்கங்களை வடிவமைக்கும் பெண் சிவப்புப் பேனா ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"சார், இங்க திருத்தமெல்லாம் சிவப்புலதான் போடணும்."

"நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து நீலம்தாம்மா. சிவப்பு எடிட்டருக்கு."

அவள் ஏதோ சொல்ல வந்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்துவிட்டார். பாவம், போய்விட்டாள்.

மாசம் முடியும் சமயத்தில் அவரிடம் ஒரு கத்தைத் தாள் வந்தது. பயிற்சியின் தலைப்புப் பக்கம் வண்ண அச்சு என்பதால் தனியாகப் போய்விட்டது. இவர் கையில் இருந்தது வரிசை வரிசையாக நாற்பது ஆங்கில வாக்கியங்கள் மட்டும். படிக்கப் படிக்க ரத்தம் கொதித்தது. 'பல் தேய்த்துக்கொண்டே, பஸ் கிளம்பிவிட்டது' என்கிற மாதிரி ஒன்று. ஓரத்தில் எழுதினார்: பஸ்ஸுக்குப் பல் உண்டா? இன்னொன்று, 'அவளுக்கு ஆடவும் பாடவும் சமையல் செய்வதும் பிடிக்கும்' என்கிற ரகம். இரண்டு பேர் கைகோத்து வர, மூன்றாவது ஆள் ஏன் தனியாக நொண்டுகிறான் என்று எழுதினார். இதை எழுதின புண்ணியவான் பள்ளிக்கூடம் பக்கமாவது ஒதுங்கினானா என்று முணுமுணுத்துக்கொண்டே தாளெல்லாம் நீலமாக்கிக் கொடுத்தார். மனசுக்கு அப்படி ஒரு திருப்தி.

அந்தத் திருப்தி இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த கல்லூரிப் பெண் ஒரு புத்தகத்தைப் பிரித்தாள். அதே பதிப்பகம், போன வருஷத்துப் பதிப்பு. பயிற்சியின் வண்ணத் தலைப்புப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: 'பின்வரும் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு பிழை உண்டு. கண்டுபிடித்துத் திருத்துக.'

அடுத்த பக்கத்தில் அதே பல் தேய்க்கும் பஸ். பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும் என்று மெனக்கெட்டு வைத்த பிழைகளை ஒன்றுவிடாமல் துடைத்தெடுத்துவிட்டார். புத்தகம் அன்று காலையில்தான் அச்சுக்குப் போயிருந்தது. இனி ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இல்லாத தப்பைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளும். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தார். முதலாளி முன்னால் போய் நிற்காமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. மனைவியின் கால் ஞாபகம் வந்தது. நடையை எட்டிப் போட்டார்.

முதலாளி பூட்டிக்கொண்டு கிளம்பும் சமயம்.

"சார், நான் பெரிய தப்பு பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினார்.

முதலாளி முகம் வெளுத்துவிட்டது. படியில் இறங்கிக்கொண்டிருந்த வடிவமைப்புப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"சார் போட்ட திருத்தத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டியாம்மா?"

"இல்லையே சார்" என்றாள் அவள் சாதாரணமாக. "எல்லாம் நீலத்துல இருந்துச்சு. இங்க நீலம்னா புத்தகம் எழுதினவங்களைக் கேக்கற சந்தேகம். சார் எழுதற எல்லாத்தையும் முதல் நாள்லேர்ந்து, எழுதின டீச்சருக்குத்தான் அனுப்பறேன். அவங்க சரின்னு சொல்றதை மட்டும் ஏத்துவேன். இந்த நாப்பதையும் அப்படியே விடச் சொல்லிட்டாங்க."

கமா சார் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது.

முதலாளிக்கு ஆறவில்லை. புத்தகம் எழுதிய டீச்சருக்கே போன் போட்டு, எல்லாரும் கேட்கும்படி வைத்தார்.

"அந்த நீலப் பேனா சாரா? கேள்வியெல்லாம் சரியா வந்திருக்கான்னு போட்டுப் பார்க்கறார்னுல்ல நெனச்சேன்" என்றார் டீச்சர். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பஸ்ஸுக்குப் பல் உண்டான்னு எழுதியிருந்தாரே, வகுப்புல சொன்னேன், பசங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவரை விட்டுடாதீங்க. அடுத்த பதிப்புல அந்தக் குறிப்பையெல்லாம் போடலாம்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா நாப்பதுல ரெண்டை விட்டுட்டார்னு சொல்லுங்க" என்றார்.

முதலாளி போனை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நீங்களா வந்து சொன்னீங்க பாருங்க, அது போதும் எனக்கு. ஒண்ணாம் தேதியிலேர்ந்து நீங்க நிரந்தரம். இனிமே சிவப்புல எழுதித் தொலைங்க."

வீட்டுக்கு வந்தபோது மனைவி அப்போதுதான் கடையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்ற முடியாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவர் குனிந்து வாரை அவிழ்த்துவிட்டார்.

"வேலை நிரந்தரமாயிடுச்சு. நாளைக்கே கடையில சொல்லிடு."

அவள் வீங்கிய காலை நீட்டி, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரம் நனைந்திருந்தது. பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"ரெண்டு தப்பை விட்டுட்டேனாம்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். செய்தித்தாளை மூடின நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை. எந்த ரெண்டு என்று கேட்காமல் வந்துவிட்டோமே என்ற குடைச்சலோடு அவரும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார்.